சங்கத்திற்குள்ளே கூட்டுறவு

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜையன்று ஒரு சுற்று நடந்து வருபவருக்கு ஓர் அரிய காட்சி கிடைக்கும். எண்ணெய் துடைத்த இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருப்பார்கள். வாயிலில் வாழைக்கன்று நிற்கும். பொரியும் கடலையும் பொட்டலம் பொட்டலமாகக் கைமாறும். கடைசல் பிரிவு, சாமான் கிடங்கு, கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு என்ற பேதம் அன்று கிடையாது. மானேஜரும் பெருக்கித் துடைப்பவரும் ஒரே வரிசையில் நின்று தீபாராதனை காண்கின்றனர். விஜயதசமி கழிந்து சங்கு ஊதியதும், ‘கிடங்கார் சாமான் கொடுக்கவில்லை’, ‘பட்டறையார் சீட்டு எழுதவில்லை’ என்ற பழைய வழக்கு மறுபடியும் தொடங்கிவிடுகிறது.

பண்டிகையில் கூடிய கைகள் பணியில் ஏன் கூடுவதில்லை? இக்கேள்வி ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. நூல் கிடங்கு, சாயப்பட்டறை, தறி, விற்பனை நிலையம் என்று நான்கு இடங்களைக் கொண்ட நெசவாளர் சங்கத்திற்கும், கடன் பிரிவு, உரக் கிடங்கு, நியாய விலைக் கடை என்று மூன்று இடங்களைக் கொண்ட விவசாயக் கடன் சங்கத்திற்கும் அது உரியதே. ‘கூட்டுறவு’ என்ற பலகையை வாசலில் மாட்டிவிட்ட காரணத்தால் உள்ளேயும் கூட்டுறவு இருந்துவிடும் என்று எண்ணுவது பிழை. அப்பிழையை நாமே செய்திருக்கிறோம். ஆதலால் முதலில் நம் கதையைச் சொல்லிவிடுவதே முறை.

நாம் எழுதிய குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கம் நம் பார்வையில் இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. தீபாவளிக்கு அனுப்பிய சேலைகளில் ஒரு பகுதி விற்பனை நிலையத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. சேலையின் உடலில் குறுக்கே வரி வரியாக நிறம் மாறியிருந்தது. விற்பனையாளர் நெசவாளரைக் குறை கூறினார். நெசவாளர் சாயக்காரரைக் கை காட்டினார். சாயக்காரர் ஒன்றும் பேசவில்லை.

நாம் சங்கக் காரியாலயத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து புத்தகங்களைப் புரட்டினோம். நூல் இருப்பு சரியாக இருந்தது. வழங்கிய எடை சரியாக இருந்தது. கூலிப் பட்டியலிலும் பழுதில்லை. எஞ்சியது சாயம் ஒன்றே. ஆகவே, ‘நஷ்டத்தைச் சாயப்பட்டறை மேஸ்திரியின் கூலியிலிருந்து தவணையாக வசூல் செய்யலாம்’ என்று பார்வைக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டோம். சாயப்பட்டறை காரியாலயத்தின் பின்புறம் அறுபது அடி தூரத்தில்தான் இருந்தது. நாம் அங்கே போகவில்லை.

மேஸ்திரி வயது முதிர்ந்தவர். குறிப்பைப் படித்துக் காட்டியபோது, “ஐயா எழுதினால் சரியாகத்தான் இருக்கும்” என்று மட்டும் சொல்லிக் கையெழுத்திட்டார். பொங்கல் கழிந்ததும் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

அடுத்த பருவத்தில் சாயம் போட்டவர் வேறு ஆள். சேலையில் விழுந்ததோ அதே வரி. அப்போதுதான் நாம் நாற்காலியை விட்டு எழுந்தோம். கிடங்கில் ஒரே நம்பர் நூல் இரண்டு வெவ்வேறு லாட்டுகளில் வந்திருந்தது. எடையைச் சரிக்கட்டுவதற்காகக் கிடங்குக் குமாஸ்தா இரண்டிலிருந்தும் சிட்டங்களை எடுத்து ஒரே கட்டாகக் கட்டி வழங்கி வந்தார். லாட்டு மாறினால் பஞ்சு மாறும். முறுக்கும் சற்று மாறும். சாயம் ஏறும் அளவும் மாறும். நனையாத நூலில் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத வேற்றுமை, தார் சுற்றி ஊடையாக ஓடும்போது வரியாக வெளிப்பட்டுவிடுகிறது. குமாஸ்தாவின் பேரிலும் குற்றமில்லை. நூல் வழங்கல் பதிவேட்டில் நம்பருக்கு ஒரு பத்தி இருந்தது. எடைக்கு ஒரு பத்தி இருந்தது. லாட்டுக்குப் பத்தி இல்லை. அந்தப் பதிவேட்டை ஆண்டுதோறும் பார்த்துச் சிவப்பு மையால் கோடிட்டு வந்தவர்கள் நாம்.

பழைய மேஸ்திரிக்கு இது தெரியாதா என்று பட்டறையில் இருந்த உதவியாளரைக் கேட்டோம். “பெரியவருக்குத் தெரியும் ஐயா. நூல் இரண்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை கிடங்கில் போய்ச் சொன்னார். உன் வேலை சாயம் போடுவது என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்” என்றார். தறி வீட்டில் தார் சுற்றும் அம்மாளும் வேற்றுமையைக் கண்டிருக்கிறார். நூலைத் திருப்பினால் இரண்டு நாள் கூலி போகும் என்று அவரும் வாய் திறக்கவில்லை. எந்தத் தெருத் தறிகளிலிருந்து வந்த சேலைகள் திரும்புகின்றன என்பது விற்பனையாளருக்குத் தெரியும். அதைக் கிடங்குக்குச் சொல்ல அவருக்கு ஒரு வழி இல்லை. உண்மையின் கால் பங்கு ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. நான்கு கால்களும் ஓரிடத்தில் சேரவில்லை. அதற்கு விலையாக ஒரு முதியவரின் கூலியும் மானமும் போயின.

பாடியில் நடந்தது

இத்தகைய சுவர்களை இடிப்பதற்கு வழி தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூருக்கு அடுத்த பாடியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

1962ல் தொடங்கப்பட்ட சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்தியாவில் அவ்விருதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 2001ல் பாடி சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003ல் அம்பத்தூரில் ஆலை கொண்ட ரானே பிரேக் லைனிங், 2004ல் பாடி லூகாஸ்-டிவிஎஸ் என்று தொடர்ந்து அவ்விருது இவ்வட்டாரத்திற்கே வந்து சேர்ந்தது. முதலில் பெற்ற பிரேக் பிரிவு பின்னர் தனி நிறுவனமாகப் பிரிந்து வேறு பெயர் பெற்றுவிட்டது. ஆயினும் சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் சுற்றி வரக்கூடிய வட்டாரத்திற்குள் ஆறே ஆண்டுகளில் நான்கு முறை இவ்விருது வந்தது சாமானியமான செய்தி அன்று.

விருதுக்குப் பெயர் தந்த டெமிங் என்பவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். போரில் நைந்திருந்த ஜப்பானுக்கு 1950ல் சென்று, பொருளின் தரத்தைக் காப்பது எப்படி என்று ஆலைத் தலைவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பாடம் நடத்தினார். அச்சொற்பொழிவுகள் அச்சேறியபோது தமக்குரிய பணத்தை அவர் ஏற்கவில்லை. அப்பணத்தைக் கொண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தார் 1951ல் விருதை ஏற்படுத்தினர். இதில் ஒருவரை ஒருவர் முந்தும் போட்டி கிடையாது. குறித்த தரத்தை எட்டிய எந்த நிறுவனமும் பெறலாம். தேர்வாளர்கள் ஆலைக்குள்ளேயே வந்து, அதிகாரி முதல் தொழிலாளி வரை கேள்வி கேட்டுத் தீர்மானிப்பார்கள். ஆகவே ஏட்டிலுள்ள அழகு மட்டும் அங்கே செல்லாது.

டெமிங் பிற்காலத்தில் நிர்வாகிகளுக்கு 14 நெறிகளை வகுத்தார். பிரிவுகளுக்கு இடையேயுள்ள தடைச்சுவர்களை உடைத்தெறிக என்பது அவற்றுள் 9-ஆவது. அதற்கு முந்திய 8-ஆவது நெறி, பணியிடத்திலிருந்து அச்சத்தைத் துரத்துக என்பது. இந்த வரிசையை நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அச்சம் உள்ளவரையில் ஒரு பிரிவில் உள்ளவர் அடுத்த பிரிவில் உள்ளவரிடம் உண்மையைச் சொல்லமாட்டார். நம் சாயக்காரப் பெரியவர் சொல்லாமல் இருந்ததும் இதனால்தான்.

டெமிங்கின் பாடத்தை ஜப்பானில் வளர்த்தவர்களுள் இஷிகாவா என்ற பேராசிரியர் முக்கியமானவர். ‘உனக்கு அடுத்த வேலையைச் செய்பவரே உன் வாடிக்கைக்காரர்’ என்பது அவருடைய போதனை. கடையில் சேலை வாங்கும் அம்மாள் மட்டும் வாடிக்கைக்காரர் அல்லர். கிடங்குக்குச் சாயக்காரர் வாடிக்கைக்காரர், சாயக்காரருக்குத் தார் சுற்றுபவர், அவருக்கு நெசவாளர். வாடிக்கைக்காரர் ஒரு குறை சொன்னால், ‘உன் வேலையைப் பார்’ என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

1962 முதல் ஜப்பானில் பரவிய ‘தர வட்டம்’ என்னும் முறையும் இஷிகாவாவின் முயற்சியால் எழுந்ததே. ஒரே இடத்தில் வேலை செய்யும் ஆறு முதல் பத்துப் பேர், தாமாக விரும்பி, வாரம் ஒரு மணி நேரம் கூடுவார்கள். தம் வேலையில் உள்ள குறை ஒன்றைத் தாமே தேர்ந்தெடுப்பார்கள். காரணங்களை மீனின் முள்ளைப் போன்ற ஒரு படத்தில் எழுதுவார்கள். தலையில் குறை, பக்கத்து முட்களில் ஆள், பொருள், கருவி, முறை என்று காரணங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்து, உண்மைக் காரணத்தைக் கண்டு, மாற்றம் செய்து, அது நிலைத்ததா என்று திரும்பவும் அளந்து பார்ப்பார்கள். இந்தியாவில் 1980ல் ஹைதராபாத் பெல் ஆலையில் இம்முறை தொடங்கியது. ஒரே பிரிவுக்குள் அடங்காத குறையானால் பல பிரிவினரும் கலந்த குழு ஒன்று அமைக்கப்படும். கிடங்குக்காரரும் கணக்கரும் விற்பனையாளரும் பட்டறைக்காரரும் ஒரே படத்தைச் சுற்றி நிற்கும்போது, கேள்வி ‘யார் செய்தது?’ என்பதிலிருந்து ‘எங்கே நேர்ந்தது?’ என்று மாறிவிடுகிறது. இந்த ஒரு மாற்றமே பாதி வெற்றி என்று சொல்லலாம்.

கயிறும் லாரியும்

இக்காலத்தில் பெரிய கம்பெனிகள் ஊழியர்களை ஒன்றுசேர்ப்பதற்கென்று உல்லாசப் பயணம், விருந்து, விளையாட்டு முதலியவற்றை நடத்துகின்றன. நம் சங்கங்களிலும் ஆண்டு விழாவில் கயிறிழுக்கும் போட்டி வைப்பதுண்டு. இவற்றால் பயன் இல்லையா என்று சிலர் கேட்கலாம். முகப்பழக்கம் உண்டாகும், அது நல்லதே. ஆனால் அது மட்டும் போதுமா என்பதை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு.

1954ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்து மலைப்பூங்கா ஒன்றில், முசாபர் ஷெரீப் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரு கூட்டமாகப் பிரித்துத் தங்கவைத்தனர். கயிறிழுத்தல் முதலிய போட்டிகளில் மோதவிட்டதும் இரு கூட்டத்தாரும் பகைவராயினர்; ஒருவர் கொடியை ஒருவர் எரித்தனர். பிறகு பகையைத் தணிக்க ஒன்றாக உண்ணவைத்தார்கள். ஒன்றாகப் படம் பார்க்கவைத்தார்கள். பகை தணியவில்லை. பந்தியில் உணவையே ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள்.

அதன்பின் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும்படி செய்தார்கள். குழாய் வழியைத் தேடி இரு கூட்டத்தாரும் சேர்ந்தே அலைய நேர்ந்தது. வேறொரு நாள் உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. சிறுவர்கள், முன்னே தம்முள் இழுத்துச் சண்டையிட்ட அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில நாள் கழிந்தபின் பகை கரைந்தது. சிறுவர்களுக்குத் தெரியாமல் அவர்களைச் சோதனைக்கு ஆளாக்கியது பற்றிப் பிற்காலத்தில் கண்டனங்கள் எழுந்ததுண்டு, அவை நியாயமானவையே. ஆயினும் அதில் கண்ட உண்மை நமக்குப் புதியதன்று. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்களே அன்றி, ஊர் கூடித் தேர் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

நெசவுத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டாம். விடியற்காலையில் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடும்போது, வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். அண்டை வீட்டார் வந்து கை கொடுப்பார்கள். நேற்றுப் பேச்சு நின்றுபோனவர்களும் இன்று பாவின் இரு பக்கமும் நின்றுதான் ஆக வேண்டும். நூலுக்கு மனஸ்தாபம் தெரியாது. காய்ந்தால் அறுந்துவிடும்.

நம் சங்கங்களில் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து நாம் அடைந்த முடிவு ஒன்றே. வெவ்வேறு பிரிவினரை ஒன்றுசேர்ப்பது விருந்து அன்று. அவர்கள் எல்லாரும் சேர்ந்தாலன்றித் தீராத ஒரு மெய்யான வேலையே அவர்களை ஒன்றுசேர்க்கும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எந்தச் சங்கமும் பின்வரும் காரியங்களைத் தொடங்கலாம்.

முதலாவது, நூலோடு நடத்தல். நிர்வாக சபையாரும் ஒவ்வொரு பிரிவிலிருந்து ஒருவரும் சேர்ந்து, ஒரு கட்டு நூலைக் கிடங்கிலிருந்து விற்பனை மேசை வரையில் பின்தொடர்ந்து நடக்க வேண்டும். எங்கே காத்திருக்கிறது, எங்கே கைமாறுகிறது, எங்கே எழுதப்படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கைமாறும் இடங்களிலேயே பெரும்பாலான குறைகள் பிறக்கின்றன.

இரண்டாவது, இடம் மாறி அமர்தல். மாதத்தில் அரை நாள் விற்பனையாளர் தறி வீட்டிலும், கிடங்குக் குமாஸ்தா சாயப்பட்டறையிலும், நெசவாளர் ஒருவர் விற்பனை மேசையிலும் இருந்து பார்க்கட்டும். சேலையை விரித்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளும் வாடிக்கைக்காரரின் முகத்தை நெசவாளர் ஒரு முறை நேரில் காண்பது, பத்துச் சுற்றறிக்கைகளுக்குச் சமானம்.

மூன்றாவது, மாதம் ஒரு மணி நேரக் கூட்டம். அதில் ஒரே குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் பெயரைச் சொல்லக் கூடாது. இடத்தையும் பொருளையும் மட்டும் சொல்லலாம். தலைவர் கடைசியில் பேச வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்திருந்தால் அவர் பேசாமலே இருக்கலாம்.

நான்காவது, திரும்பிச் செல்லும் சீட்டு. பொருள் முன்னோக்கிப் போகிறது. குறை பின்னோக்கி வர வேண்டும். திரும்பிய ஒவ்வோர் உருப்படியோடும் காரணம் எழுதிய சிறு சீட்டு விற்பனை நிலையத்திலிருந்து தறிக்கும் பட்டறைக்கும் கிடங்குக்கும் வரட்டும். அதைக் கொண்டு யாருக்கும் அபராதம் விதிப்பதில்லை என்று தீர்மானமும் நிறைவேற்ற வேண்டும். இன்றேல் சீட்டு வராது.

ஐந்தாவது, ஆண்டு விழாவில் கயிறிழுப்பதானால், பிரிவுக்கு எதிராகப் பிரிவை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாப் பிரிவினரும் கலந்து நிற்கட்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இவை பொருந்தும். பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கங்களில் வயல்கள் மனைகளாகச் சுருங்கிவரும் இந்நாளில், எஞ்சிய வயலில் ஒரு போகம் தவறினாலும் தாங்காது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களுக்கும் நடவு நாள் ஏறக்குறைய முன்னமே தெரிந்ததுதான். அப்படியிருந்தும் கடன் பிரிவு கடனை அனுமதித்த வாரத்தில் கிடங்கில் உரம் இல்லாமலும், உரம் வந்த வாரத்தில் கடன் மனு மேசையில் கிடந்தும் போவது உண்டு. மேலுரம் போட வேண்டிய நாள் கடந்தபின் வந்த மூட்டையால் பயிருக்குப் பிரயோசனம் என்ன? கடன் குமாஸ்தாவும் கிடங்குக்காரரும் விவசாயிகள் இருவரும் பட்டத்திற்கு ஒரு மாதம் முன்னதாகக் கூடி ஒரே நாட்குறிப்பு எழுதினால் இக்குறை தீரும்.

கறவை மாடு வைத்திருப்போர் இதனை நன்கறிவர். கிராமச் சங்கத்தில் ஊற்றிய பால், பரிசோதனை, குளிரூட்டல், வண்டி என்று பல கைகளைக் கடந்து அம்பத்தூர் ஆவின் பால்பண்ணை போன்ற இடத்தைச் சேர்ந்து, அங்கிருந்து மறு விடியலில் வீடுகளுக்குப் போகிறது. நடுவில் ஒரு கை தாமதித்தாலும் பால் திரிந்துவிடும். சேலையும் நெல்லும் காத்திருக்கின்றன. ஆகையால் நம் தாமதம் நமக்குத் தெரிவதில்லை. பால் காத்திராது, ஆகையால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது குறிப்பு

1844ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தார்கள். அவர்களுள் நெசவாளர் பலர். உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கு அச்சிறு கடை வழிகாட்டியாயிற்று. அன்று ஒரே அறையில் எல்லாரும் எல்லாவற்றையும் கண்டார்கள். இன்று சங்கங்கள் வளர்ந்து அறைகள் பலவாகிவிட்டன. அறைகள் வேண்டியவையே. கதவுகளும் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நாம் முன்னே குறிப்பிட்ட சங்கத்தில், மேஸ்திரியிடம் வசூலித்த தொகையைத் திருப்பித் தருவதென்று நிர்வாக சபையார் தீர்மானித்தார்கள். முதற் குறிப்பு பிழையானது என்று நாம் இரண்டாவது குறிப்பு ஒன்றை எழுதி, அதையும் பணத்தையும் தபாலில் அனுப்பாமல் காரியதரிசியுடன் நேரிலேயே கொண்டு சென்றோம். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பணத்தை எண்ணவும் இல்லை.

“பதிவேட்டில் லாட்டுக்குப் பத்தி போட்டாயிற்றா, ஐயா?” என்று கேட்டார்.

போட்டாயிற்று என்றோம். பழைய வேலைக்கு அவர் திரும்பவில்லை. ஆயினும் அடுத்த மாதக் கூட்டத்திற்கு ஒரு நாள் வந்திருந்து, இரு லாட்டுச் சிட்டங்களைக் காலை வெயிலில் பக்கம் பக்கமாகப் பிடித்து வேற்றுமை காணும் விதத்தைக் கிடங்குக் குமாஸ்தாவுக்கும் தார் சுற்றும் பெண்களுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். முதல் தடவை அவர் கிடங்கு வாசலில் வந்து நின்றபோதே நாம் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய பாடம் அது.

உங்கள் சங்கத்திலும் அப்படி யாரேனும் வாசலில் வந்து நிற்கக் கூடும். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்பீர்களாக.